கடையும் நடக்க வேண்டும், கண்ணும் தூங்க வேண்டும்!

முறுக்குச் சுட்டு விற்பவருக்கு என்ன வேலை?

மாவு பிசைய வேண்டும். பிழிய வேண்டும். எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். ஆறிய பிறகு பொட்டலம் கட்ட வேண்டும். விற்க வேண்டும்.

முன்பு இவ்வளவுதான். இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்து கொண்டது. முறுக்குச் சுடுவதைப் படம் பிடிக்க வேண்டும்! படத்துக்குப் பாட்டுச் சேர்க்க வேண்டும். கீழே நாலு வரி எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் போட வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட வேண்டும். யூடியூபில் போட வேண்டும். போட்டதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண வேண்டும். மறுநாள் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

முறுக்குக்காரர் மட்டும் அல்ல. தையல்காரர், செக்கு எண்ணெய் விற்பவர், நர்சரித் தோட்டம் வைத்திருப்பவர், வீட்டில் இருந்தே சேலை விற்கும் பெண்கள், எல்லோருக்கும் இதே கதிதான்.

பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி ஆட்கள் உண்டு. படம் எடுக்க ஒருவர். எழுத ஒருவர். வந்த கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர். சின்னக் கடையில் கல்லாவில் உட்காருகிறவரும் அவரே. காமிராக்காரரும் அவரே. நடிகரும் அவரே!

"இது எல்லாம் வேண்டாம், சரக்கு நன்றாக இருந்தால் ஆள் தானே வரும்" என்று சொல்பவர்கள் உண்டு. சொல்வது சுலபம். அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிக்க வசதி இல்லாத எத்தனையோ பேருக்குக் கையில் இருக்கும் போன்தான் கடைவீதி. அதில் முகம் காட்டாவிட்டால் வியாபாரம் இல்லை. வியாபாரம் இல்லை என்றால் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியாது.

அதனால்தான் இரவு 11 மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, போனை வைத்துக் கொண்டு உட்காருகிறார்கள். காலை 4 மணிக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். எத்தனை நாளைக்கு இது நடக்கும்?

திரி கருகும் நேரம்

விளக்கில் எண்ணெய் இருக்கும் வரை திரி எரிகிறது. எண்ணெய் தீர்ந்து விட்டால் திரியே கருகத் தொடங்குகிறது. மனிதருக்கும் இது நேரும்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்று ஒரு மனோதத்துவ நிபுணர் இருந்தார். பகலில் அவருக்குத் தன் சொந்தத் தொழில். மாலையில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் வேலை. அங்கே நள்ளிரவு வரை உழைப்பார். அவருடன் வேலை செய்தவர்களும் அப்படித்தான். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆசையோடு வந்தவர்கள். கொஞ்ச நாளில் அவர்களே சோர்ந்து விழுந்தார்கள். சிடுசிடுத்தார்கள். பிராய்டன்பர்கரும் தப்பவில்லை.

இதை அவர் 1974-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக எழுதினார். இந்த நிலைக்கு அவர் பயன்படுத்திய பெயர் "பர்ன் அவுட்". எரிந்து தீர்ந்து போவது என்று பொருள்.

2019-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு விளக்கம் கொடுத்தது. இது நோய் அல்ல, தொழிலால் வரும் ஒரு நிலை என்று சொன்னது. இதற்கு மூன்று அடையாளங்கள். உடம்பிலும் மனதிலும் தெம்பு இல்லாமல் போவது ஒன்று. செய்கிற தொழில் மீதே வெறுப்பு வருவது இரண்டாவது. வேலை முன்போல ஓடாமல் இருப்பது மூன்றாவது.

இரண்டாவது அடையாளத்தைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். வாடிக்கைக்காரர் விலை கேட்டால் சந்தோஷம் வர வேண்டும். எரிச்சல் வருகிறதா? "இன்னும் ஒரு கேள்வியா!" என்று தோன்றுகிறதா? எண்ணெய் தீரப் போகிறது என்று அர்த்தம்.

இளம் வயதுக்காரர்களையும் இது விடுவது இல்லை. எல் மில்ஸ் என்ற கனடா நாட்டுப் பெண் யூடியூபில் பெரிய புகழ் பெற்றவர். 2018-ஆம் ஆண்டில், தன்னால் முடியவில்லை, எரிந்து போய்விட்டேன் என்று அவரே ஒரு படத்தில் சொன்னார். அப்போது அவருக்கு வயது 19!

ஓட்டைக் குடம்

உழைப்பு இவ்வளவு ஏன் பிடிக்கிறது? ஒரு காரணம், போடுவது நிற்பது இல்லை.

வாட்ஸ்அப் "ஸ்டேட்டஸ்" இன்றைய வடிவில் வந்தது 2017-ஆம் ஆண்டில். அதில் போடும் படத்துக்கு ஆயுள் 24 மணி நேரம். பிறகு மறைந்து விடும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்த படமும் மறையும். இரண்டு நிமிஷத்தில் எடுத்த படமும் மறையும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல, பிடித்துக் கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு விளம்பரம் நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. அதுதான் தினசரிக் காலண்டர்.

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவரும். மளிகைக் கடைக்காரர் ஒரு படத்தைத் தேர்ந்து எடுப்பார். முருகனோ, லட்சுமியோ, இயற்கைக் காட்சியோ. கீழே கடையின் பெயரும் போன் நம்பரும் அச்சாகும். மார்கழியில் வாடிக்கைக்காரர் கையில் காலண்டர் வந்து விடும்.

அதன் பிறகு கடைக்காரருக்கு வேலை இல்லை! தினமும் காலையில் ஒருவர் தாளைக் கிழிக்கிறார். ராகு காலம் பார்க்கிறார். நல்ல நேரம் பார்க்கிறார். கிருத்திகை என்றைக்கு என்று பார்க்கிறார். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கடையின் பெயர் கண்ணில் படுகிறது. ஒரு நாள் வேலை, 365 நாள் விளம்பரம்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. காலண்டரில் "என் கடைக்கு வாருங்கள், வாருங்கள்" என்று 365 தடவை எழுதி இருப்பது இல்லை. வீட்டாருக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. அதனால்தான் அதை ஆணி அடித்து மாட்டுகிறார்கள்.

பஞ்சாங்கம் போட்ட அச்சாபீஸ்காரர்

இந்தச் சூட்சுமத்தை ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அமெரிக்கர் கண்டு கொண்டார். அவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பிற்காலத்தில் விஞ்ஞானியாகவும் ராஜதந்திரியாகவும் உலகப் புகழ் பெற்றவர். ஆனால் தொடக்கத்தில் அவரும் ஒரு சின்னக் கடைக்காரர்தான்.

அவருடைய தகப்பனார் சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். பிராங்க்ளின் பிலடெல்பியா நகரில் அச்சாபீஸ் வைத்தார். அவருடைய மனைவி டெபோராதான் கடையைப் பார்த்துக் கொள்வார். தாள் மடிப்பார். தைப்பார். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் பாடுபட்ட கடை அது.

1732-ஆம் ஆண்டுக் கடைசியில் பிராங்க்ளின் ஒரு பஞ்சாங்கம் வெளியிட்டார். "ஏழை ரிச்சர்டு" என்று ஒரு கற்பனை மனிதரின் பெயரில் அது வந்தது. சந்திரன் வளர்வது, தேய்வது, கிரகணம், பருவநிலை எல்லாம் அதில் இருக்கும். விசேஷ நாட்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்த இடத்தில் பழமொழிகளைப் போட்டார். சிக்கனம், சுறுசுறுப்பு பற்றிய பழமொழிகள்.

எல்லாம் அவர் சொந்தமாக யோசித்ததா? இல்லை. பல நாட்டு மக்கள் சொல்லி வந்ததை எடுத்துச் சுருக்கி, மெருகு போட்டார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஆண்டுக்கு ஒரே ஒரு புத்தகம். சுமார் 25 ஆண்டுகள் விடாமல் வந்தது. ஆண்டுக்கு 10 ஆயிரம் பிரதிகள் வரை விற்றதாக அவரே தம் சுயசரிதையில் எழுதி இருக்கிறார். வேறு புத்தகமே வாங்காத குடியானவர் வீட்டிலும் அது இருந்தது. 1748-ஆம் ஆண்டில், 42-வது வயதில், அச்சாபீசைக் கூட்டாளியிடம் ஒப்படைத்து விட்டு, மின்சார ஆராய்ச்சிக்குப் போய் விட்டார் பிராங்க்ளின்!

தினம் மூன்று படம் போட்டால்தான் வியாபாரம் என்று யாராவது பயமுறுத்தினால் இந்த அச்சாபீஸ்காரரை நினைத்துக் கொள்ளலாம்.

ஒரே சிறுமி, ஒரே கவுன்

ஆண்டுக்கு ஒன்று போதாது, அடிக்கடி போட்டே ஆக வேண்டும் என்கிற தொழிலும் உண்டு. அதற்கும் ஒரு வழி இருக்கிறது.

அமுல் வெண்ணெய் விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நீலத் தலைமுடி, புள்ளி போட்ட கவுன், குறும்புப் பார்வை. 1966-ஆம் ஆண்டில் பிறந்தவள் அந்தச் சிறுமி. சில்வெஸ்டர் டகுன்யா என்ற விளம்பர நிபுணரும், யூஸ்டஸ் பெர்னாண்டஸ் என்ற ஓவியரும் அவளை உருவாக்கினார்கள். ஊரில் எது பேச்சாக இருக்கிறதோ, அதைப் பற்றி அவள் ஒரு குறும்பு வார்த்தை சொல்வாள். கிரிக்கெட், சினிமா, தேர்தல், விலைவாசி, எதையும் விட்டது இல்லை.

இத்தனை ஆண்டுகள் சலிக்காமல் எப்படிச் செய்கிறார்கள்? ஒவ்வொரு தடவையும் புதிதாக அவர்கள் யோசிப்பது ஒன்றே ஒன்றைத்தான். என்ன செய்தி, அதற்கு என்ன நையாண்டி! மற்றது எல்லாம் முன்பே முடிவானது. அதே சிறுமி. அதே வெண்ணெய். அதே பலகை.

இன்னொன்றும் உண்டு. அமுலை நடத்தி வந்த வர்கீஸ் குரியன், "ஒவ்வொரு படத்தையும் எனக்குக் காட்டி அனுமதி வாங்கு" என்று சொல்லவில்லை. டகுன்யாவை நம்பி விட்டு விட்டார். சின்னக் கடைகளில் கணவன் எழுதியதை மனைவி திருத்தி, அதை மைத்துனர் திருத்தி, கடைசியில் தீபாவளி முடிந்து பொங்கல் வந்த பிறகு படம் வெளிவருவது உண்டு. ஒருவரிடம் கொடுத்தால் அவரிடமே விட்டு விடுவது நல்லது.

சின்னக் கடைக்கும் இது பொருந்தும். சேலை விற்பவர் தினமும் புதுப் பாட்டு, புது ஆட்டம் தேட வேண்டியது இல்லை. அதே சுவர், அதே வெளிச்சம், அதே இடம். மாறுவது சேலை மட்டும். "நீலச் சுவர்க் கடை" என்று ஜனங்கள் அடையாளம் கண்டு கொள்வார்கள்.

கேள்வியே சரக்கு

"எதைப் போடுவது என்றே தெரியவில்லை!" இதுதான் பலருடைய புலம்பல்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ரிவர் பூல்ஸ் என்று ஒரு சிறு கம்பெனி. வீட்டுத் தோட்டங்களில் நீச்சல் குளம் அமைத்துக் கொடுப்பார்கள். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரும் பணமுடை வந்தது. வீட்டுக் கடனையே கட்ட முடியாதவர்கள் நீச்சல் குளமா கட்டுவார்கள்? கம்பெனி மூழ்கும் நிலைக்கு வந்தது.

கூட்டாளிகளில் ஒருவர் மார்க்கஸ் ஷெரிடன். அவர் ஒரு காரியம் செய்தார். வாடிக்கைக்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, கம்பெனியின் இணைய தளத்தில் போட்டார்.

முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "என்ன விலை ஆகும்?" இதற்கு யாருமே நேராகப் பதில் சொல்வது இல்லை. "நேரில் வாருங்கள், சொல்கிறோம்" என்பார்கள். ஷெரிடன் சொன்னார். எந்தெந்தக் காரணத்தால் விலை கூடும், எதனால் குறையும், சுமாராக எவ்வளவு ஆகும் என்று விவரமாக எழுதினார். தங்கள் சரக்கில் உள்ள குறைகளையும் எழுதினார். படித்தவர்கள் நம்பினார்கள். தேடி வந்தார்கள். கம்பெனி பிழைத்தது.

ஷெரிடனும் இராக்கண் விழித்துத்தான் எழுதினார். அது உண்மை. ஆனால் அவர் எழுதியது 24 மணி நேரத்தில் மறையவில்லை. ஒரு தடவை எழுதிய பதில் பல ஆண்டுகள் ஆள் கூட்டி வந்தது.

நம் முறுக்குக்காரரிடம் என்ன கேட்கிறார்கள்? "எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?" "என்ன எண்ணெய்?" "பல் இல்லாத பாட்டிக்கு மெதுவாகக் கிடைக்குமா?" "டெல்லியில் இருக்கும் மகனுக்கு அனுப்புவீர்களா? வழியில் நொறுங்காதா?"

கல்லா அருகே ஒரு நோட்டு வைத்து இவற்றை எழுதி வந்தால் போதும். ஒரு மாதத்தில் 20 கேள்வி சேரும். 20 கேள்வி என்றால் 20 படம். யோசித்துத் தலையை உடைத்துக் கொள்ள வேண்டாம். நொறுங்காமல் பெட்டி கட்டுவதை அரை நிமிஷம் படம் பிடித்துக் காட்டினால், டெல்லியில் மகன் வைத்திருக்கும் அத்தனை தாய்மாரும் பார்ப்பார்கள்!

மாவு ஒன்று, பலகாரம் மூன்று

எந்த வீட்டிலும் தினமும் மாவு ஆட்டுவது இல்லை. ஒரு நாள் ஆட்டுகிறார்கள். முதல் நாள் இட்லி. அடுத்த நாள் தோசை. புளித்த பிறகு வெங்காயம் போட்டு ஊத்தப்பம். அல்லது பணியாரம்.

படத்துக்கும் இதே கணக்குத்தான். வாரத்தில் ஒரு நாள், கூட்டம் குறைந்த பகல் நேரத்தில், ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். நான்கு கேள்விக்குப் பதிலை வரிசையாகப் படம் பிடித்து விடலாம். அதில் ஒன்று யூடியூபுக்கு. அதையே சுருக்கி இன்ஸ்டாகிராமுக்கு. அதில் இருந்து ஒரு போட்டோ வாட்ஸ்அப்புக்கு. அதே பதிலை எழுத்தில் அடித்து வைத்துக் கொண்டால், கேட்பவர்களுக்கு அனுப்பலாம். எந்த நாளில், எந்த நேரத்தில் வெளிவர வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் இருக்கிறது.

சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் போட்டு, ஐப்பசி மழைக்கு எடுத்து வைப்பது நம் பாட்டிகளின் வழக்கம். தீபாவளி நெருக்கத்தில் படம் எடுக்க நேரமே இருக்காது. ஆடியில் எடுத்து வைத்தால் என்ன? முறுக்கு ஆடியிலும் முறுக்குத்தான்.

அடுப்படியில் படம் எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு கையில் போன், ஒரு கையில் ஜல்லிக் கரண்டி, எதிரே கொதிக்கும் எண்ணெய்! இது ஆபத்து. போனை ஸ்டாண்டில் மாட்டி, தள்ளி வைக்க வேண்டும். ஸ்டாண்டு இல்லை என்றால் அன்றைக்குப் படம் வேண்டாம்.

குழந்தைகள் விஷயமும் உண்டு. "பாப்பாவை ஆடவிட்டால் நிறையப் பேர் பார்க்கிறார்கள்" என்று வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளையை இழுத்து வந்து நிறுத்துகிறார்கள். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கவே 13 வயது ஆக வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் விதி. முறுக்கு விற்பதற்கு ஆறு வயதுப் பிள்ளையின் தூக்கம் எதற்கு?

வாசகங்களை எழுதித் தரும் கம்ப்யூட்டர் கருவிகளும் வந்து விட்டன. நேரம் மிஞ்சும். ஆனால் உங்கள் கடையில் எந்த எண்ணெய் என்பது அதற்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதி விடும். ஒரு தடவை படித்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

யார் பார்க்கிறார்கள்?

தென்காசியில் ஒரு தையல் கடை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு படத்தை லட்சம் பேர் பார்த்தார்கள். சந்தோஷம்! ஆனால் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு மாநிலத்துக்காரர்கள். அவர்கள் ரவிக்கை தைக்கத் தென்காசிக்கு வரப் போவது இல்லை. அடுத்த படத்தை 200 பேர்தான் பார்த்தார்கள். 200 பேரும் பக்கத்துத் தெருக்காரர்கள். எது நல்ல படம்?

லட்சத்தைத் துரத்துவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. கடைக்காரர் எண்ண வேண்டிய எண் வேறு. "எதைப் பார்த்து வந்தீர்கள்?" என்று வருகிறவரிடம் கேட்டு, நோட்டில் கோடு போட்டு வந்தால் போதும். இரண்டு மாதத்தில் எது பயன் தருகிறது, எது வீண் என்று தெரிந்து விடும். வீணானதை நிறுத்தி விடலாம். மூன்று இடத்தில் அரைகுறையாக நிற்பதைவிட ஒரே இடத்தில் ஒழுங்காக நிற்பது மேல்.

எந்த இடத்தில் நின்றாலும் அது வாடகை இடம் என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும். டிக்டாக்கில் லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். 2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி மத்திய அரசு அதைத் தடை செய்தது. ஒரே இரவில் ரசிகர்கள் எல்லாம் போனார்கள். வாடிக்கைக்காரர் பெயரையும் போன் நம்பரையும், அவர்கள் சம்மதத்தோடு, நோட்டில் எழுதி வைத்திருந்த கடைக்காரர் பிழைத்தார். அந்த நோட்டை யாரும் தடை செய்ய முடியாது.

முதலாளிக்கு விடுமுறை

கடை ஊழியருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. நின்று கொண்டே வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் அதே சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் தனக்குத் தானே முதலாளியாக இருப்பவருக்கு விடுமுறை தர எந்தச் சட்டமும் கிடையாது!

அதை அவரேதான் எடுத்துக் கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சின்ன வசதி போனிலேயே இருக்கிறது. கடைக்காரர்களுக்கென்று தனி வாட்ஸ்அப் 2018-ஆம் ஆண்டில் வந்தது. பெயர் வாட்ஸ்அப் பிசினஸ். காசு கிடையாது. கடை மூடிய நேரத்தில் யாராவது செய்தி அனுப்பினால், நீங்கள் எழுதி வைத்த பதிலை அதுவே அனுப்பும். அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில்களைச் சேமித்து வைத்து, ஒரே தட்டில் அனுப்பலாம். சரக்கையும் விலையையும் படத்தோடு அடுக்கி வைக்கலாம். அதைத் தினமும் புதிதாகப் போட வேண்டாம்.

அமைப்புகளுக்குள் போய், கடைக்கான பகுதியில் "வெளியே இருக்கும்போது செய்தி" என்கிற இடத்தைத் திறக்க வேண்டும். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று குறிக்க வேண்டும். பிறகு இப்படி எழுதலாம்:

"வணக்கம். இன்று ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. உங்கள் செய்தி வந்து விட்டது. திங்கட்கிழமை காலை 9 மணிக்குப் பதில் சொல்கிறோம். முறுக்கும் அப்போது சூடாக இருக்கும்."